கட்டிலுக்கு வெளியே ஆகும் செலவு

அனைவருக்கும் வணக்கம்.

"இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?" புற்றுநோய் வந்த வீட்டில் விசாரிக்க வருகிறவர்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பெரிய உதவிதான், அதைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் தொடாத செலவுகளும் இருக்கின்றன.

ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. இனி கதிர்வீச்சு, ஊரில் சொல்வதுபோல 'கரண்ட் வைக்க' வேண்டும். மதுரைக்கு வருகிறார்கள். மெஷினுக்குள் இருப்பது சில நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். அட்மிஷன் கிடையாது. தினமும் பஸ்ஸில் போய்வர அந்த உடம்பு தாங்குமா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடிக்கிறார்கள். வாடகை, சாப்பாடு, ஆட்டோ. துணைக்கு வந்த மகன் கொத்தனார். அத்தனை நாள் கூலியும் போயிற்று. போன கூலிக்கு பில் ஏது? அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

சரி, கையிலிருந்து பிரீமியம் கட்டியவர் கதை? பாலிசியில் ஆஸ்பத்திரி அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய், அவர் எடுத்தது 10,000 ரூபாய் அறை என்று வைப்போம். மிச்சம் 5,000-தானே என்று நினைப்பார். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? கணக்கை வாங்கி வரிவரியாகப் பாருங்கள்.

வீடு திரும்பிய பின் பலருக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டுக்கும் குறையாது. பாலிசியோ டிஸ்சார்ஜுக்குப் பிறகு பெரும்பாலும் 60 நாள், 90 நாள்தான் கணக்கில் எடுக்கும். கட்டிலில் படுத்திருக்கும் நோய்க்காக எழுதிய விதிகள் இவை. இந்த நோய் எழுந்து நடமாடிக்கொண்டே பணம் கேட்கிறது.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று. டாக்டரிடம் சான்று வாங்கினால் சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். அந்தப் படிவத்தை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.