தாய்மாமன் பிந்தி வந்த கதை

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'சொற்பொழிவாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை வீட்டில் காட்டினேன். அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் சிரித்ததற்குக் காரணம் உண்டு. கடைசியில் அங்கே வருகிறேன். எனக்கு வயசு 26, ஊர் மதுரை செல்லூர், வேலை சென்னையில். வருஷம் முழுக்க மதுரைப் பெருமை பேசி ஆபீஸில் எல்லாரையும் வெறுப்பேற்றிவிட்டு, சித்திரை வந்ததும் லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

நீங்கள் கொடுத்த தலைப்பு 'கோடைத் திருவிழாக்களும் குடும்ப விசேஷங்களும்'. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். மதுரைக்காரனுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எங்கள் ஊரின் பெரிய திருவிழாவான சித்திரைத் திருவிழாவே ஒரு கல்யாண வீட்டுக் கோபம்தான்.

வெளியூர்ப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மீனாட்சிக்கும் சொக்கநாதருக்கும் கல்யாணம். பெண்ணுக்கு அண்ணன் அழகர். அவர் இருப்பது ஊருக்கு வடக்கே 21 கிலோமீட்டர் தள்ளி, அழகர்மலையில். காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பிடம் சொல்லிக்கொண்டு, கண்டாங்கி உடுத்தி, கையில் நேரிக்கம்பு பிடித்து, கள்ளர் கோலத்தில் கிளம்புகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, நானூறுக்கும் மேலே. ஒவ்வொன்றிலும் நின்று மரியாதை வாங்கிக்கொண்டு வந்தால் முகூர்த்தத்துக்கு எப்படி வந்து சேர முடியும்? அவர் வைகைக்கு வரும்போது கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. கோபம் வருமா வராதா? ஆற்றில் இறங்கியவர் தங்கச்சி வீட்டுப் பக்கமே போகாமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார்.

கோயில் புராணம் வேறு சொல்கிறது. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் வருகிறாராம். தேனூர் மண்டபத்தில் அதுவும் வருஷா வருஷம் நடக்கிறது. ஆனால் எங்கள் அப்பத்தாவிடம் தவளைக் கதையைச் சொன்னால், "அதுவும் இருக்கட்டும்" என்று முடித்துவிடுவார். அவருக்கு அண்ணன் கோபித்துக்கொண்டு போனதுதான் கதை. தாய்மாமன் முறுக்கிக்கொள்ளாத விசேஷத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு காலத்தில் இரண்டும் தனித்தனித் திருவிழாதான். மீனாட்சியின் தேர் மாசி மாதம் ஓடியது. தேரோடுகிற வீதிகளுக்கு இன்றைக்கும் மாசி வீதி என்றுதான் பெயர். அழகர் சித்திரையில் தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் இரண்டையும் சித்திரையில் சேர்த்துவைத்தார். சைவ வீட்டுக்கும் வைணவ வீட்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்த பெரிய மனுஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டோடு பேசிவிட்டு, மாமன் வீட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

சரி, இதில் நம் வயசுக்காரர்களுக்கு என்ன வேலை? நான் ரொம்ப நாள் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசில் திருவிழா என்றால் மாமா தோள், தமுக்கம் பொருட்காட்சி, முகம் மறைகிற அகலத்துக்கு மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம். பெரியவர்களுக்கு மண்டகப்படி, அன்னதானம், உறவுக்காரர்கள். நடுவில் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒரு வயசு இருக்கிறது பாருங்கள், அதில் தோளிலும் ஏற முடியாது, பந்தலிலும் யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டார்கள். வீட்டு விசேஷத்துக்குப் போனால் "என்ன படிக்கிறே, எப்ப வேலை" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வயசில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணிக்கணக்கில் வீடியோ இருக்கிறது. அத்தனையும் அடுத்தவன் போன்தான்.

அந்த வருஷங்களில் அழகர் என்ன பட்டு கட்டி வந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மதுரையில் இது சின்ன விஷயமில்லை. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிற பட்டு என்ன நிறமோ அதுதான் அந்த வருஷத்துப் பலன். பச்சை வந்தால் நாடு செழிக்கும். சிவப்பு வந்தால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். வானிலை அறிக்கையை நம்பாத சித்தப்பாகூட இதை நம்புவார்.

அப்புறம் 2020 வந்தது, கூடவே கொரோனாவும். திருக்கல்யாணத்தை நேரலையில் பார்த்தோம். மீனாட்சிக்குத் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வது வழக்கம். கோயிலைச் சுற்றி உட்கார்ந்து மாற்றுகிற அம்மா, அந்த வருஷம் டிவி முன்னால் மஞ்சள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்ட் போய்விடக் கூடாதே என்று அப்பா மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

2022-இல் திறந்துவிட்டதும் தெருக்காரர்கள் நீர்மோர்ப் பந்தலுக்கு ஆள் தேடினார்கள். நானாகவே போய் நின்றேன். நீர்மோர் என்றால் சும்மா இல்லை. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தயிரைக் கொட்டி, மத்துக்குப் பதில் மூங்கில் கழியால் அடித்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை நசுக்கிப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நான் மொத்தமாகக் கொட்டிவிட்டேன். முதல் டம்ளர் குடித்த கிராமத்து அம்மா ஒருவர், "தம்பி, கடல் தண்ணியில தயிர் ஊத்திட்டியா?" என்றார். சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார். அன்றைக்கு நான் எத்தனை டம்ளர் ஊற்றினேனோ தெரியாது, கை மறுநாள் தூக்க வரவில்லை. ஆனால் ஒரு திருவிழாவை முதல் தடவையாக முகம் முகமாகப் பார்த்தேன்.

அதே வருஷம்தான் ஆற்றுக்குள் நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். விடியற்காலையில் பந்தலுக்குச் செய்தி வந்தபோது யாருக்கும் கை ஓடவில்லை. கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் அக்கா பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்து அழகர் பார்க்கப் போகிறாள். போகும்போதெல்லாம் முந்தானையில் ஒரு பெரிய ஊக்கு இருக்கும். சேலை நிற்பதற்கு இல்லை, இடிக்கிறவன் கைக்கு. இங்கே உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள், உங்களிடமும் ஊக்கு இருக்கிறது போல. பின்வரிசைத் தம்பிகள் ஏன் சிரிக்கவில்லை என்றும் பார்த்துக்கொண்டேன்.

தண்ணீர் பீய்ச்சுவதும் இப்படித்தான். தோல்பையில் தண்ணீர் எடுத்துச் சின்னக் குழாய் வழியாக அழகர் மேல் பீய்ச்சுவது விரதம் இருந்தவர்கள் செய்கிற நேர்த்திக்கடன். நம் ஆட்கள் அதற்கு அழுத்த மோட்டார் மாட்டிவிட்டார்கள். அது அழகர் மேல் படுகிறதோ இல்லையோ, அவர் ஏறிவருகிற தங்கக் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிற பட்டர் கண்ணில் அடிக்கும். அதைத் தடுத்தது நல்லதுதான்.

இப்போது என் கதை, அக்கா சிரித்ததற்குக் காரணமும் இதுதான். போன வருஷமில்லை, அதற்கு முந்தின வருஷம். அக்கா மகளுக்கு மொட்டையெடுத்துக் காதுகுத்து, அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடும் பட்டுப்பாவாடையும் என் செலவு. என் சம்பளத்தில் வாங்கிய முதல் தங்கம். சென்னையில் வாங்கி, பைக்குள் பை, அதற்குள் டப்பா என்று வைத்து, ராத்திரி பஸ் ஏறினேன். துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. "பத்து நிமிஷம் சார்" என்றார் டிரைவர். அந்தப் பத்து நிமிஷம் இரண்டேகால் மணி நேரம். அப்புறம் கையைக் காட்டி ஒரு லாரி, மேலூரில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. நல்ல நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது. நான் போய் இறங்கியபோது பத்தே கால்.

மச்சான் வீட்டு ஆட்கள் ஒரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர், "நம்ம மடியிலயே வச்சுக் குத்திருவோமே" என்றிருக்கிறார். அக்கா, "தோடு அவன் பையில இருக்கு" என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறாள். நான் வியர்வையோடு ஓடிவந்ததைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள்:

"அழகர் வந்துட்டாரு. குதிரையைப் பிடிச்சுக் கட்டுங்க."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பிள்ளையை மடியில் போட்டார்கள். பத்தர் காது மடலில் பேனாவால் புள்ளி வைத்து, தள்ளி நின்று இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அவள் என் கட்டைவிரலைப் பிடித்தாள். மூன்று வயசுப் பிடிதான். நகம் பதிந்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது. கிடா விருந்தில் மொய் நோட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே, "பேரு?" என்றார். அதுவரை அப்பா பெயரில்தான் எங்கள் வீட்டு மொய். என் பெயரைச் சொன்னேன். "தாய்மாமனா? முதல் பக்கம்ல இடம் விட்டிருக்கேன்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டு நாள் கழித்து ஆற்றில் அழகர். விடியற்காலை மூன்று மணிக்கே ஆழ்வார்புரம் பக்கம் போய்விட்டோம். வைகை அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் கணுக்கால் நனைந்தது. அப்பத்தா கையில் செம்பு. அது நிறைய நாட்டுச்சர்க்கரை, வாய்க்கு வாழையிலை, இலைக்கு மேல் சூடம். பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் தோளில் உட்கார்ந்து, பிடிக்க வேறெதுவும் கிடைக்காமல் என் இரண்டு காதையும் பிடித்திருந்தாள். தங்கக் குதிரை தெரிந்ததும் "கோவிந்தா" சத்தம் எழும்பியது. அவள் குதிரையைப் பார்க்கவில்லை, பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பத்தாவுக்குக் கை நடுங்கியது. அக்கா செம்பை அவரிடமிருந்து வாங்கி, சூடத்தைப் பற்றவைத்து, என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, நீ பிடி. ஆட்டாதே, சூடம் விழுந்துரும்."

ஒரு கையில் பிள்ளையின் கால், ஒரு கையில் செம்பு. போன் சட்டைப் பையிலேயே கிடந்தது. பச்சைப் பட்டு.