அப்பா தூக்கினார், நான் இறக்கினேன்: மைவியில் ஸ்பிரிங், ஸ்பேசர்

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? பின்னால் செம்பனை லோரி போகிறது, போய் முடியட்டும்... சரி. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். இதுதான் நம்ம பெரோடுவா மைவி, சின்னக் கார், 2017 கடைசியில் வந்த மூன்றாவது தலைமுறை, 1.5 லிட்டர் எஞ்சின். தினமும் இதில்தான் ஜெலாப்பாங்குக்கு வேலைக்குப் போகிறேன். சனி ஞாயிறு மட்டும் துடைத்து வெளியே எடுக்கிற ஷோ கார் இல்லை. மழை, குழி, தோட்டத்துச் செம்மண் பாதை, அம்மாவின் பசார் கூடை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கார்தான்.

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால் காரைத் தாழ்த்துகிற லோவரிங் ஸ்பிரிங் போட்டேன், கூடவே ரிம்முக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் வட்டத் தகடு, அதான் ஸ்பேசர், அதையும் போட்டேன். ஸ்பிரிங் இன்னும் காரில் இருக்கிறது. ஸ்பேசர் இதோ, என் கையில் இருக்கிறது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். ஸ்பிரிங் பெட்டியைப் பிரித்த அன்று பக்கத்தில் வந்து நின்றார். "நாங்க பாரம் தாங்கலைன்னு ஸ்பிரிங் பட்டை மேல பட்டை வச்சு லோரியைத் தூக்கினோம். நீ காசு குடுத்து இறக்குறியாடா?" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். அவர் பாரத்தைப் பற்றித்தான் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் ஒன்று. இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டினால் போதும், ஐம்பது வெள்ளிக்குள் முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டியதை மாட்டிவிட்டு, பெரிய குழியில் சக்கரம் முழுதாகக் கீழே தொங்கினால் அது இடம் மாறி உட்காரலாம். இன்னொன்று, கார் தாழ்ந்தால் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடம் குறைகிறது. அந்தக் குறைந்த இடத்துக்குள் அதே பாரத்தைத் தாங்க ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். லோவரிங் ஸ்பிரிங்கை அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

நான் எடுத்தது 30 மில்லிமீட்டர் இறங்குகிற செட். 50 இறக்கினால் போட்டோவில் அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், நுழைய நான்கு வேகத்தடை பம்ப் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் காரைக் கோணலாக ஏற்றி இறக்கும் பொறுமை எனக்கு இல்லை.

அப்சோர்பர் பழசாக இருந்தால் புது ஸ்பிரிங்கை அதோடு சேர்க்காதீர்கள். கடினமான ஸ்பிரிங் அமுங்கித் திரும்பி எழும் வேகத்தை அடக்குவது அப்சோர்பர்தான். அது களைத்துப் போயிருந்தால் கார் தவளை மாதிரி குதிக்கும். என் காரில் பின் வலது அப்சோர்பரில் எண்ணெய் கசிவு இருந்தது. 80,000 கிலோமீட்டர் ஓடியது, குறை சொல்ல முடியாது. நான்கையும் மாற்றினேன். என் பட்ஜெட் அந்த இடத்தில் செத்துப்போனது.

வேலை செய்தது எங்கள் ஊர் ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் சுலபம். மைவியில் பின்னால் ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. அப்சோர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்பக்கம் அப்படியில்லை. ஸ்பிரிங் அப்சோர்பர் மேலேயே அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது முகத்துக்குத்தான் வரும். வீட்டில் வைத்துச் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முன்பக்கத்தை மட்டுமாவது கடைக்குக் கொண்டுபோங்கள்.

அண்ணன் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் போல்ட்டையும் பின்னால் பீம் போல்ட்டையும் தளர்த்தினார், ஆனால் கார் ஜாக்கில் இருக்கும்போது இறுக்கவில்லை. காரை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் இறுக்கினார். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ், இறுக்கும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் நடுநிலையாக வைத்துக்கொள்ளும். தொங்கவிட்டு இறுக்கினால் ஓடுகிற நேரமெல்லாம் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரக்காரக் கடைகளில் இதைச் செய்ய மாட்டார்கள், நின்று கேட்டு வாங்குங்கள்.

உயரத்தை ஹப்பின் நடுவிலிருந்து சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். முன்பக்கம் 31 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, பின்பக்கம் 28. அப்புறம் அலைன்மென்ட். கார் தாழ்ந்தால் முன் சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறிவிடும், அதை அப்படியே விட்டால் டயரின் ஓரம் சில மாதத்தில் வழுக்கையாகிவிடும். ஹெட்லைட் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த ஸ்பேசர். 10 மில்லிமீட்டர், ஆன்லைனில் வாங்கியது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்ததுமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மைவியின் ஹப் நடுவில் ஒரு விளிம்பு இருக்கும், விட்டம் 54.1 மில்லிமீட்டர். ரிம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். இந்த ஸ்பேசரின் ஓட்டை அதைவிடப் பெரியது, ரிம் உட்கார இதற்கென்று தனி விளிம்பும் கிடையாது. அப்புறம் சக்கரத்தை நடுவில் பிடிக்க நட்டை விட்டால் வேறு எது இருக்கிறது? செம்மோர் ஊரைத் தாண்டி வேகம் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. பேலன்சிங் இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை.

அதைவிட மோசமான விஷயம், நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று நான் எண்ணிப் பார்க்காதது. நட் ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட். அது 12 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு நட் 1.5 மில்லிமீட்டர் உள்ளே போகும். குறைந்தது ஸ்டட்டின் குறுக்களவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது எட்டு சுற்று. ஸ்பேசர் இல்லாமல் என் காரில் பதினோரு சுற்று. ஸ்பேசரோடு நான்கும் கொஞ்சமும். அந்த நான்கு சுற்றை நம்பி இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்! இந்தத் தடிமனுக்கு நீள ஸ்டட் மாற்றியிருக்க வேண்டும். 3, 5 மில்லிமீட்டர் என்றாலும் எண்ணிப் பார்த்துவிட்டே ஓட்டுங்கள்.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனோம். பின்னால் அம்மா, சித்தி, தங்கை, பூட்டில் பழமும் பானைகளும். முதல் பம்பிலேயே பின் டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசி 'கிர்ர்' என்றது. தனியாக ஓட்டிய இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட வராத சத்தம். முன் சீட்டில் அப்பா. ஒன்றும் பேசவில்லை, ஆனால் திரும்பி என்னைப் பார்த்தார். கார் தாழ்ந்ததில் மேலே இடம் குறைந்தது, ஸ்பேசர் போட்டதில் டயர் வெளியே வந்தது, ஐந்து பேரின் பாரம் மிச்ச இடத்தையும் தின்றுவிட்டது. சோதனை ஓட்டம் போகிறவர்கள் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போங்கள்.

மறுநாளே ஸ்பேசரைக் கழற்றினேன். வேறு ஒன்றும் அப்போது புரிந்தது. ரிம்மின் உள்பக்கம் ஈடி 45 என்று இருந்தால், ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்று அர்த்தம், 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டதும் அது 35. டயர் தரையில் பதியும் இடம் அவ்வளவு வெளியே போகிறது. லோரி ஓடித் தடம் விழுந்த ரோட்டில் ஸ்டீயரிங் தானாக இழுத்தது அதனால்தான். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். பால் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஒரு கனம், கையை நீட்டிப் பிடித்தால் வேறு கனம் இல்லையா, அதே சங்கதிதான்.

ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்துத் துறை, பற்றிக் கேட்பீர்கள். டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தினால் சம்மன் வாங்க நீங்களே அழைப்பு வைத்த மாதிரி. காரை விற்றுப் பெயர் மாற்றும்போதும் சோதனை இருக்கிறது, அதனால் பழைய ஸ்பிரிங் நான்கையும் எண்ணெய் தடவி ஸ்டோரில் வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது சவாரி எப்படி? ரோடு முன்பைவிட இறுக்கமாகத் தெரிகிறது, வளைவில் சாய்வு குறைந்திருக்கிறது. செம்மண் பாதையில் வேகம் 20-ஐத் தாண்டுவதில்லை, ஆனால் அங்கே முன்பும் பெரிதாகத் தாண்டியதில்லை. அம்மாவுக்கு ஏறுவது சுலபம், இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நேற்று டயர் ரொட்டேஷன் செய்தேன், இன்றோடு 100 கிலோமீட்டர் ஆகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் இந்த நேரத்தில் நட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். நட்டை அளவாக இறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சை 100 நியூட்டன் மீட்டர் அளவில் வைத்திருக்கிறேன். கேமராவை இப்படித் திருப்புகிறேன்... முன் இடது, கிளிக். அப்பா, அந்தக் குடையைக் கொஞ்சம் பிடிங்க, தூறுது.