ஹெரால்டுக்குப் புது டேங்க், அதே பழைய ரிசர்வ் லீவர்

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தக் கண்ணாடி பாட்டிலைப் பாருங்கள். நம்ம ஹெரால்டு காரின் பழைய பெட்ரோல் டேங்க் அடியிலிருந்து வடித்தது. நடுவில் ஒரு கோடு தெரிகிறதா? கோட்டுக்கு மேலே பெட்ரோல், கீழே தண்ணீரும், பெட்ரோலில் கலந்து வருகிற எத்தனாலும். அதற்கும் அடியில் காபித்தூள் மாதிரி படிந்திருப்பது துரு. ஓரத்தில் மிதக்கிற தோல் மாதிரியான துண்டுகள், ஐந்து வருடம் முன்பு டேங்க் உள்ளே நான் அடித்த எபாக்ஸி பூச்சு. எத்தனால் பட்டு ஊறி, உரிந்து வந்திருக்கிறது.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இது 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னைக்காரர்கள் கட்டிய கார். 948 சிசி இன்ஜின், இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்த உடம்பு. இதில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இடது ஓரத்தில் நிற்கும். கொள்ளளவு ஆறரை கேலன், அதாவது 29 லிட்டர் சொச்சம். அதன்மேல் ஒரு சின்ன லீவர் உண்டு. பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமினால், இறங்கி டிக்கியைத் திறந்து அதைத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் குழாய் இன்னும் கீழே இறங்கி, கடைசி ஒரு கேலனை உறிஞ்சும். எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

போன மாதம் திண்டிவனம் தாண்டி வண்டி இருமியது. ஆசையாக ரிசர்வுக்குத் திருப்பினேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, நின்றுவிட்டது. கார்புரேட்டர் ஜெட், அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற நுண்ணிய துளை, முழுக்க இந்தச் சகதி. யோசித்துப் பாருங்கள், ரிசர்வ் குழாய் உறிஞ்சுகிற இடமும் அழுக்கு படிகிற இடமும் ஒன்றுதானே! மழைக்காலம் முழுக்க ஷெட்டில் சும்மா நின்ற வண்டி. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

அதனால் இந்த முறை ஒட்டுப் போடவில்லை. 304 ஸ்டெயின்லெஸ் தகட்டில் புதிதாகவே கட்டியாயிற்று, ஆர்கன் வெல்டிங். பழைய டேங்கைப் பற்றவைக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும், ஒரு பொறி போதும்.

உயரத்தில் கை வைக்கவில்லை. டிக்கிப் பக்கமாக மட்டும் அகலத்தைக் கூட்டினோம். உயரம் மாறினால், பெட்ரோல் அளவைக் காட்ட உள்ளே மிதக்கிற ஃப்ளோட்டின் கணக்கு கெட்டுப்போகும், மீட்டர் முள் பொய் சொல்லும். லிட்டர் கேனால் அளந்து ஊற்றினேன், 36 லிட்டர் பிடித்தது. உள்ளே இரண்டு தடுப்புத் தகடு வைத்திருக்கிறோம், வளைவில் பெட்ரோல் ஒரே பக்கம் சாயாமல் இருக்க.

இப்போது இதைக் கிட்டக் காட்டுகிறேன். அடித்தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, அதில் வடிகால் போல்ட். ரிசர்வ் குழாயை முழுதாக இறக்கினாலும் அதன் வாய் குழிக்கு அரை அங்குலம் மேலேயே நின்றுவிடும். தண்ணீர் வந்தால் குழிக்குள் இறங்கட்டும், மாதம் ஒருமுறை போல்ட்டைத் திறந்து வடித்துவிடுவேன். லீவர் மட்டும் பழைய டேங்கிலிருந்து எடுத்ததுதான். லேத்தில் கொடுத்து புஷ் மாற்றினோம், சீல் எத்தனால் தாங்குகிற வைட்டான் ரப்பர்.

ஒரு தப்பு நடந்தது. எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் அசையவே இல்லை. டேங்கில் ஃப்ளோட்டோடு இருக்கிற மீட்டர் யூனிட் போய்விட்டது என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், டேங்க் புது ரப்பர் பேடு மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு தொடர்பு இல்லாமல் எர்த் கிடைக்கவில்லை. யூனிட்டின் திருகிலிருந்து பாடிக்கு ஒரு ஒயர் இழுத்தேன், முள் எழுந்தது. நீங்கள் செய்தால் முதலிலேயே இழுத்துவிடுங்கள்.

கசிவு சோதனைக்கு 2 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று, சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதற்கு மேல் அழுத்தினால் தகடு உப்பிவிடும். ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றியாயிற்று, மூடிக்குப் புது ரப்பர்.

சரி, இப்போது டேங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கிறது. நாளைக் காலை திண்டிவனம் ரோட்டிலேயே ஓட்டி, தீர்ந்ததும் லீவரைத் திருப்பப் போகிறேன். கேமரா டிக்கிக்குள் இருக்கும்.