வாய் ஒன்று, வேகம் வேறு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரிலும் போனிலும் மாட்டுகிற டைப்-சி வயரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வைகாசி முகூர்த்தம் ஒன்று முடிந்த மறுநாள், கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து லேப்டாப்போடு வந்தார். வீடியோவைச் சேமித்து வைக்கிற கையடக்க டிரைவ், அதாவது புது எஸ்எஸ்டியில் முழுக் கல்யாணமும் இருந்தது, 250 ஜிபி.

"அண்ணாச்சி, காப்பி ஆக ரெண்டு மணி நேரம் காட்டுது. லேப்டாப்புல என்ன கோளாறுன்னு பாருங்க."

லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. மாட்டியிருந்தது போன் சார்ஜரோடு வந்த டைப்-சி வயர்.

"நல்ல வயருதான அண்ணாச்சி, போன் விறுவிறுன்னு சார்ஜ் ஏறுதே!"

மேசை டிராயரிலிருந்து வேறொரு வயரை எடுத்து மாட்டினேன். அதே லேப்டாப், அதே எஸ்எஸ்டி. பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

டைப்-சி என்பது அந்த வாயின் வடிவத்துக்குப் பெயர். வேகத்துக்குப் பெயர் அல்ல. இதைச் சொன்னால் தம்பி நம்பவில்லை. கடையில் கிடந்த பழுதான வயர் இரண்டை எடுத்துத் தோலைச் சீவிக் காட்டினேன்.

சார்ஜர் வயருக்குள் மின்சாரத்துக்கென்று தடியாக இரண்டு கம்பி. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று இரு முனையும் பேசிக்கொள்ள மெல்லிசாக ஒன்று. டேட்டாவுக்கு முறுக்கிய ஒரே ஒரு ஜோடி, அவ்வளவுதான். போவதும் வருவதும் அதிலேதான், மாறி மாறி. திருச்செந்தூர் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்: ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வரும்வரை ஸ்டேஷனில் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரோடு மற்ற கருவிகளை வயரில் இணைக்கும் பொது முறைக்கு யுஎஸ்பி என்று பெயர்; இது அதில் 2000-ல் வந்த 2.0 ஏற்பாடு. நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் கணக்குக்கு 60 மெகாபைட். கைக்குக் கிடைப்பது 35, 40.

வேகமான ரகத்து இன்னொரு வயரைச் சீவியதும் தம்பி குனிந்து பார்த்தார். அதே பழைய ஜோடியோடு, வெள்ளித் தாள் சுற்றிய தலைமுடி போன்ற கம்பி ஜோடிகள் தனித்தனியாக வெளியே வந்தன. 2008-ல் வந்த யுஎஸ்பி 3.0 செய்த பெரிய காரியம் இதுதான்: போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி. வேகம் நொடிக்கு 5 கிகாபிட்டுக்கு, அதாவது 5000 மெகாபிட்டுக்குத் தாவியது. டைப்-சியில் அப்படி நான்கு ஜோடி வரை வைக்க இடமுண்டு. அதை வைத்துத்தான் 2019-ல் யுஎஸ்பி4 40 கிகாபிட்டைத் தொட்டது, 2022-ல் 80 ஆனது. 1996-ல் முதல் யுஎஸ்பி வந்தபோது உச்ச வேகம் 12 மெகாபிட். அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் பரோடாவில் படித்த அஜய் பட் முக்கியமானவர் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் பெருமைதான்.

வேகம் கூடக் கூட வயரின் நீளம் குறையும். ஓடுகிற தூரத்தில் சிக்னல் தேய்ந்துவிடும். உள்ளே சிப் வைத்துத் தூக்கிவிடாத சாதாரண வயரில் 40 கிகாபிட் போக வேண்டுமென்றால் 80 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். நம் பூக்கடைக் கணக்கில் இரண்டு முழத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் மூன்று மீட்டர் வயரில் 40 என்று மலிவாக யாராவது கொடுத்தால் யோசியுங்கள்.

எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. 3.0 என்று வந்ததையே பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 கிகாபிட்தான். பெரிய எண்ணைப் பார்த்துக் காசு கொடுத்தவர்கள் எத்தனை பேரோ! இப்போது வேகத்தையே எண்ணாக, 5, 10, 20, 40, 80 என்று போடும் முறை வந்திருப்பது நல்ல காரியம். வாங்கும்போது 'ஜிபிபிஎஸ்' (நொடிக்கு இத்தனை கிகாபிட்) என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 240 வாட் என்று மட்டும் போட்டிருந்தால் அது சார்ஜ் ஏற்றும் திறன். டேட்டாவில் அதே பழைய 480 மெகாபிட்டாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருக்கிற வயரில் எண் எதுவும் இல்லையா? எஸ்எஸ்டியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி போட்டு, திரையில் ஓடும் வேகத்தைப் பாருங்கள். நாற்பது மெகாபைட்டிலேயே நின்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், அடுத்து அது செருகியிருக்கிற போர்ட்டை.

அந்தத் தம்பி இப்போது வேகமான வயரில் மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். கேமரா பைக்குள் வேறு வயர் போவதில்லை. வணக்கம்.