கல் முகம் விழுந்த மலையில்

அவையோருக்கு வணக்கம்.

"உன்னைத்தானே மலைபோல நம்பியிருந்தேன்" என்று நம் வீடுகளில் சொல்வோம். பெரும்பாலும் நம்பிய ஆள் கைவிரித்த பிறகுதான் சொல்வோம், அது வேறு விஷயம். அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக்காரர்கள் நிஜமாகவே ஒரு மலையை நம்பியிருந்தார்கள். போன கோடையில் அங்கே போய் வந்தேன்.

பாஸ்டனிலிருந்து காரில் கிளம்பினோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். டிக்கியில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. வடக்கே போகும் 93-ஆம் நெடுஞ்சாலை அகலமான சாலைதான். ஆனால் ஃப்ராங்கோனியா நாட்ச் என்ற மலைக்கணவாயில் இருக்கும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைந்ததும் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று சுருங்கிவிடுகிறது. அகலப்படுத்தினால் கணவாயின் அழகு கெடும், வெடி வைத்தால் மேலே இருக்கும் 'கிழவர்' ஆட்டம் கண்டுவிடுவார் என்று பல வருடம் வாதாடி, கடைசியில் ஒடுக்கமாகவே போட்டார்கள்.

யார் அந்தக் கிழவர்? அடிவாரத்தில் இருக்கும் ஏரியிலிருந்து சுமார் 1,200 அடி உயரத்தில், கேனன் மலையின் செங்குத்துப் பாறையில் துருத்திக்கொண்டிருந்த சில கருங்கல் அடுக்குகள். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் உண்டு. நெற்றியிலிருந்து தாடைவரை 40 அடி. 1945-இல் அது மாநிலச் சின்னமே ஆனது, பிறகு நாணயத்திலும் ஏறியது.

மலையை நம்பினார்களே ஒழிய, சும்மா நம்பவில்லை. பாறை இடுக்கில் இறங்கிய நீர் குளிரில் உறைந்தால் விரியும். விரிந்தால் கல்லை நெம்பும். வெயிலில் உருகி இன்னும் ஆழம் போகும், மறுபடி உறையும். இது தெரிந்து 1916-லேயே நெற்றிக்கு இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். பின்னாளில் நீல்ஸ் நீல்சன், அவருக்குப் பிறகு அவர் மகன் டேவிட், கயிற்றில் தொங்கியபடி விரிசல்களை அடைத்தார்கள். பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைப்பாரே, அந்த மாதிரி.

2003 மே 3. மலையை மூடியிருந்த மேகம் விலகியபோது முகம் இல்லை. விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அடிவாரத்தில் ஜனங்கள் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அதே பூங்காவில் ஃப்ளூம் என்றொரு பிளவு உண்டு. இரண்டு பக்கமும் 70 முதல் 90 அடிக்குக் கருங்கல் சுவர், நடுவே ஓடை, சுவரை ஒட்டி மரப்பலகை நடைபாதை. ஒரு காலத்தில் கருங்கல்லுக்குள் புகுந்து உறைந்த எரிமலைக் குழம்பு, சுற்றியிருந்த கல்லைவிடச் சீக்கிரம் கரைந்து போனதால் வந்த சந்து அது. மீன் பிடிக்கப் போன 93 வயதுப் பாட்டி ஒருவர்தான் 1808-இல் இதைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். என் 93-ஆம் வயதில் நான் வாசல்வரை நடந்தால் போதும்! அந்தக் காலத்தில் சுவர்களுக்கு நடுவே பெரிய பாறை ஒன்று அந்தரத்தில் சிக்கிக்கொண்டு நின்றதாம். 1883-இல் ஒரு பெருமழை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவும் பலகைகளில் படித்துவிட்டு, மறுநாள் நான் என்ன செய்தேன்? 5,249 அடி உயர லாஃபயெட் மலைக்கு, பருத்தி பனியன், ஜீன்ஸ், கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினேன். ஜூலை மாதம்தானே! கீழே வெயில் கொளுத்தியது. மூன்று மணி நேரம் வேர்க்க வேர்க்க ஏறிக் கிரீன்லீஃப் குடிலை அடைந்தோம். அதற்குமேல் மரமே கிடையாது, மொட்டைப் பாறை. திடீரென்று உச்சியைக் காணவில்லை. மேகம் எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வேர்வையில் நனைந்த பனியன் காற்றில் ஈரத்துணியாக முதுகில் ஒட்டி, பல் கிட்டியது.

குடில் வாசலில் ஒரு வயதான அம்மா பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். என் பனியனைத் தொட்டுப் பார்த்தார். "பருத்தியா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு மைல்தான்" என்றேன் நான்.

"நீங்க வேணா போங்க, நாங்க இறங்குறோம்" என்றாள் மனைவி. இறங்கினோம். கவனக்குறைவால் மாட்டிக்கொள்கிறவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடம் உண்டு என்று கீழே வந்தபின் தெரிந்தது. அதற்கப்புறம் உச்சி கைநழுவிப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை.

ஊர் திரும்பும் நாளில் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். அவரவர் உயரத்துக்குக் குறித்த இடத்தில் நின்று தூணின் விளிம்பு வழியே மலையைப் பார்த்தால், விளிம்பின் மேடுபள்ளம் பாறையோடு பொருந்திப் பழைய முகம் தெரியும்.

மகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"தெரியுதா?"

"இருங்கப்பா... ஆ, தெரியுது. மூக்கு நல்லாவே தெரியுது. அச்சச்சோ, அசைஞ்சிட்டேன், போச்சு."

மறுபடி நின்று பார்த்தாள். பிறகு நான், பிறகு மனைவி. அதற்குள் எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

நன்றி, வணக்கம்.