கேமரா இருக்கட்டும், அந்தப் பெட்டியைப் பார்த்தீர்களா?

வணக்கம் நேயர்களே.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்தத் துணிக்கடைக்குள் போனாலும் கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். இப்போது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைச் சந்துகளில்கூட வாசலுக்கு வாசல் கேமரா. புதிதாக மாட்டுகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலரில் தெரியுமா என்றெல்லாம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கேமராவிலிருந்து வருகிற ஒயர் போய்ச் சேருகிற பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. பரணில், பழைய பில் புத்தகங்களுக்கு நடுவே தூசி படிந்து கிடக்கும். அதுதான் டிவிஆர். நெட்வொர்க் கேபிளில் ஓடுகிற கேமராவாக இருந்தால் அதை என்விஆர் என்பார்கள். படத்தைப் பதிந்து வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

வட சென்னையில் பல வருஷமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து சரிசெய்கிற வேலையில் இருக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: ரெக்கார்டிங்கை ஓட்டிப் பாருங்கள். "டிவியில் படம் ஓடுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். உள்ளே ஹார்டு டிஸ்க் செத்துக் கிடந்தாலும் டிவியில் படம் ஓடும். இந்த நிமிஷம் நடப்பது தெரிகிறது என்பதற்காக நேற்று நடந்தது பதிந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. கடை வாசலில் நிறுத்தியிருந்த டிவிஎஸ் எக்ஸெல் ஒருநாள் சாயங்காலம் காணாமல் போய்விட்டது. கடைக்காரர் டிவிஆரில் அன்றைய தேதியைப் போட்டுத் தேடியிருக்கிறார், ஒன்றுமே வரவில்லை. எனக்குப் போன் வந்தது. "அண்ணே, கேமரா நல்லா ஓடிக்கினுதான் இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் எடுக்கவே இல்ல போலக்கீது" என்றார்.

போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் வருஷம் 2000 என்று இருந்தது. இந்தப் பெட்டிக்குள் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கடிகாரம் தொடக்கத்துக்குப் போய்விடும். வண்டி போனதற்கு முந்தின ராத்திரி நல்ல மழை, ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை. ஆக, பெட்டி பதியாமல் இல்லை. எல்லாவற்றையும் 2000ஆம் வருஷம் ஜனவரி 1 என்று எழுதிப் பதிந்துகொண்டிருந்தது.

கரண்ட் திரும்ப எப்போது வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்தார். அவர் மனைவிதான் சட்டென்று, "பத்தரைக்கு வந்துச்சுண்ணே, நான்தான் எழுந்து ஃபேன் போட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். ராத்திரி பத்தரை என்பது பெட்டியின் கணக்கில் நள்ளிரவு 12 மணி. வண்டி போனது மறுநாள் சாயங்காலம் 6.40 வாக்கில். இடையில் 20 மணி 10 நிமிஷம். அப்படியானால் 2000 ஜனவரி 1, இரவு 8.10. போட்டோம். முன்னே பின்னே சில நிமிஷம் தள்ளிப் பார்த்ததும் வந்துவிட்டது. இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த தெரு முனையில் திரும்புகிறார்கள்.

முகம் சரியாகத் தெரியவில்லை. அந்த அடுத்த தெருவில் ஒரு வீட்டிலும் கேமரா இருந்தது. கடைக்காரர் ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டிருக்கிறார், அதற்குள் அந்த நாள் அழிந்துவிட்டது. டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய பதிவின் மேல் புதிது ஏறிவிடும். அது கோளாறில்லை, பெட்டி அப்படித்தான் வேலை செய்யும்.

ஆகவே உங்கள் பெட்டி எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. நான்கு கேமரா என்றால் 170 ஜிபிக்கு மேல். 1 டிபி, அதாவது 1,000 ஜிபி டிஸ்க் ஆறு நாளைக்குக்கூடத் தாங்காது. படத்தை இன்னும் சுருக்கிப் பதிகிற எச்.265 முறைக்கு மாற்றி 2 மெகாபிட் வைத்தால் அது இரண்டு மடங்கு நாள் தாங்கும். அதோடு 4 டிபி போட்டுவிட்டால் ஒரு மாதம் தாராளம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் கடைக்கு அவ்வளவு வேண்டியதில்லை, ஒரு மாதமாவது இருக்கட்டும். டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் ராப்பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்ததல்ல.

பெட்டியை எங்கே வைப்பது? தரையில் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மேசைக்கு அடியில் இருந்த பெட்டிகள் முழுகிப் போயின. கல்லா பக்கத்திலும் வேண்டாம், திருட வருகிறவன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். உயரத்தில், பூட்டுகிற அலமாரியில், காற்றோட்டமாக வையுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் கேபிள் முனையில் உள்ள பிஎன்சி கனெக்டரை அடிக்கடி பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்துப் படம் விட்டுவிட்டு வரும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் உலகம் முழுக்கப் பிடித்துவைத்துக்கொண்டு பெரிய இணையதளங்களையே முடக்கியது. சம்பவம் ஏதாவது நடந்தால், திரையை மொபைலில் படம் பிடித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே பென் டிரைவில் மூலப் பதிவை எடுத்துவிடுங்கள். வழக்கு என்று வந்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள், பெட்டியின் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருந்தது, முந்தியிருந்தது என்பதையும் அப்போதே குறித்து வையுங்கள். கடை திறந்ததும் நேற்று சாயங்காலம் ஆறு மணியைப் போட்டு ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.