ஜாடி மறைத்த முகம்

நண்பர்களே, திரையில் படம் விழுந்ததுமே முன்வரிசையில் ஒருவர், "அடடா, என்ன அமைதியான கிராமம்!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் வெகுகாலம் அப்படித்தான் பார்த்தேன். விளைந்த வயல், மரங்கள், தொலைவில் ஊர். ஆனால் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அங்கே நீட்டிக் கிடக்கும் அந்த மனிதனின் காலைப் பாருங்கள்.

பதினாறாம் நூற்றாண்டு பிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் 1568-இல் பேனாவாலும் பழுப்பு மையாலும் வரைந்த 'கோடை' இது. இப்போது ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. முன்னால் ஒருவன் உட்கார்ந்து, பெரிய ஜாடியைக் கவிழ்த்துக் குடிக்கிறான். நீட்டிய கால் படத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அரிவாளின் அலகும் அப்படித்தான். குனிந்து அறுக்கும் சிறிய கதிரரிவாள் அல்ல அது. இரு கையாலும் பிடித்து, நின்றபடியே வீசும் நீள்பிடி அரிவாள். அந்த அலகு கோட்டுக்கு வெளியே கிடக்கிறது, நம் பக்கம்.

இப்போது முகத்தைத் தேடுங்கள். கிடைக்காது. ஜாடி மறைத்துவிட்டது. சரி, அந்தப் பெண்? தலையில் காய்கறிக் கூடை. கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் காய்கறிதான் இருக்கிறது! வேடிக்கைக்காக வரைந்தது என்பார்கள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஓர் உருவத்தில் மட்டும் என்றால் வேடிக்கை எனலாம். இங்கே ஆள் மாற்றி ஆள் முகம் மறைகிறது. தாகமும் சுமையும் முகங்களை எடுத்துக்கொண்டன என்றே நான் படிக்கிறேன்.

இது யாருக்காக வரையப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு பருவங்களின் படத்தொடர் ஒன்றுக்காக, தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்பதற்கான மூலப்படம் இது. புரூகல் 1569-இல் இறந்தார். மீதமிருந்த இலையுதிர்காலத்தையும் குளிர்காலத்தையும் ஹான்ஸ் போல் என்ற ஓவியர் வரைந்துகொடுக்க, நான்கு பருவங்களும் 1570-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப்பில் ஹிரோனிமஸ் காக்கின் பதிப்பகத்திலிருந்து வெளிவந்தன. ஆண்ட்வெர்ப் அன்று பெரிய வணிக நகரம். காசு கொடுத்துப் படம் வாங்கியவர்களில் பலர் அரிவாளைத் தொட்டிருக்க மாட்டார்கள், ரொட்டியைத்தான் தொட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குள்தான் இந்தக் கால் நீண்டது.

ஒரே ஒரு படம் மட்டும் மாற்றிக் காட்டுகிறேன். இது மூன்று ஆண்டுகளுக்கு முன், 1565-இல் அவரே தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம், இதுவும் அறுவடைதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் பயிருக்கு நடுவே வெட்டிய வழியில் ஒருவன் ஜாடி சுமந்து வருகிறான். மரத்தடியில் ஒருவன் காலை அகட்டி, வாய் திறந்து தூங்குகிறான். அவன் முகத்தை எதுவும் மறைக்கவில்லை.